பொம்மசந்திராவில் சாம்பலான திரைகள்

முழுதாக நின்றுபோன சர்வரைப் பார்த்து நான் ஒருநாளும் பயந்ததில்லை. அது நேர்மையானது. போனோமா, எது எரிந்தது என்று பார்த்தோமா, மாற்றினோமா, கேன்டீனில் ஒரு காபி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தோமா என்று முடிந்துவிடும். என்னைக் காலமெல்லாம் வாட்டியது விட்டு விட்டுப் போகிற இணைப்புதான். நாம் போய் நிற்கும்போது நல்ல பிள்ளையாக இருக்கும். கேட்டைத் தாண்டி ஆட்டோ ஏறியதும் போன் வரும்: "மேடம், மறுபடி போச்சு."

என் ஓய்வு விழாவில் உங்களில் ஒருவர், "மேடம், உங்க சர்வீஸ்லயே மறக்க முடியாத கேஸ் எது?" என்று கேட்டீர்கள். ஒரு கையில் கேக், ஒரு கையில் மைக், கண்ணில் தண்ணீர். என்னமோ உளறிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இப்போது காக்ஸ் டவுன் வீட்டில் நேரம் நிறைய இருக்கிறது. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்றைக்கு எழுதுகிறேன். கேபிள், போர்ட், செட்டிங் எல்லாம் மானுவலில் இருக்கிறது, நீங்கள் என்னைவிட வேகமாகத் தேடி எடுப்பீர்கள். நான் சொல்லப்போவது மூன்று மனுஷர்களைப் பற்றி. எனக்கு இன்றும் மிகப் பிடித்த மூன்று பேர்.

பொம்மசந்திராவில் ஒரு மருந்துத் தொழிற்சாலை. பெயர் வேண்டாம். ஊசி மருந்து செய்கிறவர்கள். திரவ மருந்தைச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி, ஒரு பெரிய எஃகு அறைக்குள் அடுக்கி, உறையவைத்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி, ஈரத்தை மெதுவாக இழுத்துப் பொடியாக்குவார்கள். ஒருமுறை அடுக்கி மூடினால் எடுக்க நாள் கணக்கில் ஆகும். நடுவில் குளிர் குறைந்தாலோ காற்று புகுந்தாலோ மொத்தமும் குப்பைக்குத்தான் போகும்.

அந்த உலர்த்தும் மெஷினைக் கண்காணிக்க ஒரு கன்ட்ரோல் ரூம். அங்கே வரிசையாகத் திரைகள். பக்கத்து அறையில் எங்கள் கம்பெனியின் சர்வர். மெஷினிலிருந்து குளிர், அழுத்தம், பம்புகளின் நிலை எல்லாவற்றையும் சர்வர் வாங்கித் திரைகளுக்கு அனுப்பும். எண்கள் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தால் எல்லாம் சுகம். சர்வரோடு தொடர்பு அறுந்தால் எண்கள் சாம்பல் நிறமாகி அப்படியே நின்றுவிடும். அங்கே எல்லாரும் அதைக் "கிரே ஆயிடுச்சு" என்பார்கள்.

சில மாதங்களாக அது அடிக்கடி நடந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் முழுக்க ஒன்றுமே இருக்காது. அப்புறம் ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை போகும். தானாகவே திரும்பியும் வரும். அவர்களே ஒரு வைத்தியமும் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்: சிஸ்டம்ஸ் ஆபீஸுக்குச் சொல்லி சர்வரை ரீஸ்டார்ட் செய்வது. செய்தால் உடனே சரியாகிவிடும். சரியாகிவிட்டதால் ஏன் போகிறது என்று யாரும் கேட்கவில்லை. எங்களுக்கும் சொல்லவில்லை.

ஒரு பிற்பகல், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது குளிரூட்டும் கம்ப்ரஸர் நின்றுவிட்டது. திரையில் அலாரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விஷயம் தெரிவதற்குள் உள்ளே இருந்த குப்பிகள் இளகிவிட்டன. மொத்த மருந்தும் போயிற்று. அது ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே தட்டுப்பாடாக இருந்த மருந்து என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அப்போது டியூட்டியில் தனியாக இருந்தவள் பரிமளா. ஸ்ரீராம்புரத்துப் பெண். டிப்ளமோ முடித்து ஒப்பந்தத்தில் ஆபரேட்டராக வந்தவள். நகரத்தின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குப் பஸ் மாறி மாறி வருவாள். "ஸ்கிரீன் கிரே ஆயிருந்துச்சு, சிஸ்டம்ஸ் ஆபீஸுக்குப் போன் அடிச்சேன், யாரும் எடுக்கல, அடிச்சுக்கிட்டே இருந்தேன், திரும்ப வந்தப்பதான் அலாரமே வந்துச்சு" என்று அவள் சொன்னாள்.

சர்வரின் பதிவு வேறு சொன்னது. அந்த நேரம் முழுக்க பரிமளாவின் திரை இணைப்பில்தான் இருந்தது என்று அதில் இருந்தது. ஆக, அவள் இடத்தை விட்டு எழுந்து போயிருக்கிறாள், மாட்டிக்கொண்டதும் கதை கட்டுகிறாள் என்று தொழிற்சாலை முடிவு செய்தது. விசாரணை முடியும்வரை ஸ்டோர்ஸில் போய் உட்காரச் சொல்லிவிட்டார்கள். முடிந்ததும் என்ன ஆகும் என்பது அவளுக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும்.

என்னைக் கூப்பிட்டவர் மஞ்சுநாத். அங்கே இன்ஸ்ட்ருமென்டேஷன் மேனேஜர். துமகூரு பக்கத்துக் கன்னடக்காரர். தொழிலாளிகளோடு பேசிப் பேசித் தமிழ் கற்றுக்கொண்டவர். கோபமே வராத மனுஷர், ஆனால் மேலதிகாரியின் போன் வந்தால் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுதான் பேசுவார்.

"வேற ஒண்ணும் பேடா, வேண்டாம் மேடம். ஒரு லெட்டர் மட்டும் குடுங்க. சர்வர் சரியா இருந்துச்சு, கனெக்‌ஷன் போகலைன்னு. உங்க பதிவே சொல்லுதே."

எனக்கு முன்னாலேயே ஒரு கடிதம் அவர் மேஜையில் இருந்தது. அதைக் கொடுத்தவர் பாஸ்கர். அந்தத் தொழிற்சாலையின் நெட்வொர்க்கைப் பராமரிக்கும் கம்பெனியின் ஆள். ஊர் குடியாத்தம், குடும்பம் எலெக்ட்ரானிக் சிட்டியில். ஓசூர் ரோட்டில் எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் எதிரே பாஸ்கர் நிற்பார். நாங்கள் பார்த்துக்கொண்டாலே சண்டைதான். "என் நெட்வொர்க் கிளீனா இருக்குது மேடம், உங்க சாப்ட்வேரைப் பாருங்க" என்பார். "என் சர்வர் நிக்கவே இல்ல பாஸ்கர், உங்க ஒயரைப் பாருங்க" என்பேன். இரண்டு பேரும் சொல்வது பெரும்பாலும் உண்மையாக இருக்கும். அதுதான் சண்டை நீள்வதற்குக் காரணம்.

அன்றைக்கும் அவர் அங்கே உட்கார்ந்திருந்தார். "நான் குடுத்துட்டேன் மேடம். நீங்களும் குடுத்துட்டா மஞ்சுநாத் சாருக்கு வேலை முடியும்."

பேனாவை எடுத்துவிட்டேன். அவர் எழுதியிருந்ததைப் படித்தேன். சோதித்த நேரத்தில் நெட்வொர்க்கில் பழுது இல்லை. சரிதான். நான் எழுதப்போவது, சர்வர் நிற்கவில்லை. அதுவும் சரிதான். இந்த இரண்டு சரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மிச்சம் இருக்கிற ஒரே தப்பு பரிமளா. நாங்கள் இருவரும் அவளைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஆனால் அவளை வேலையிலிருந்து தூக்கப் போவது எங்கள் இரண்டு கடிதங்கள்தான்.

"மஞ்சுநாத், அந்தப் பொண்ணை ஒரு தடவை பார்க்கலாமா?"

"எதுக்கு மேடம்? என்கொயரி நடக்குதே."

"பார்க்காம எழுதினா எனக்குச் சோறு இறங்காது."

கேன்டீனில் பார்த்தேன். அழுதுகொண்டு வருவாள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. எதிரே உட்கார்ந்ததுமே கேட்டாள்: "நீங்களும் அதையேதான் கேக்கப் போறீங்களா மேடம்? எங்க போயிருந்த, யார்கூடப் பேசிட்டிருந்தன்னு?"

"இல்லம்மா. என்ன பார்த்தேன்னு மட்டும் சொல்லு."

"கிரே ஆச்சு. போன் அடிச்சேன். எடுக்கல. அவ்ளோதான். இதையே எத்தினி தடவை சொல்றது? பேஜாரா இருக்குது."

ஒரு துப்பும் இல்லை. புதிதாக எதுவும் சொல்லவில்லை. நான் கேட்ட வேறு எதுவும் அவளுக்கு நினைவில்லை. டீயைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டாள்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவள் சொல்வதை நம்புவதா வேண்டாமா என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. பதிவு ஒரு பக்கம், ஒரு பெண்ணின் வாய்வார்த்தை ஒரு பக்கம். அப்போது ஒன்று செய்தேன். இதைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அவள் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்வோம், அப்படியானால் வேறு எது பொய்யாக இருக்க வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன். திரை அறுந்திருக்கிறது. சர்வரோ திரை இணைப்பில் இருப்பதாக நம்பியிருக்கிறது. அதாவது சர்வர் பொய் சொல்லவில்லை, ஏமாந்திருக்கிறது. போனில் எதிர்முனை கட்டானது தெரியாமல் நாம் "ம்ம், அப்புறம்" என்று பேசிக்கொண்டே இருப்போமே, அப்படி. அது நடக்கக்கூடியதுதான். நடந்ததா என்று தெரியாது. ஆனால் நடந்திருக்க முடியும் என்றால், சர்வரின் பதிவை வைத்து அவளைக் குற்றவாளி ஆக்க முடியாது.

மேலே போய் மஞ்சுநாத்திடம் ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். காரணம் தெரியவில்லை, கண்டுபிடிக்க அவகாசம் வேண்டும்.

அவர் முகம் வாடிப் போனது. எங்கள் ஆபீஸிலிருந்து என் மேலாளர் போன் செய்தார். "தெரியலைன்னு எழுதினா நம்மளை எவன் மதிப்பான் ஸ்டெல்லா? பெரிய கஸ்டமர்!" என்று கத்தினார்.

"தெரியலை சார். அதனாலதான் தெரியலைன்னு எழுதினேன்."

தெரியவில்லை என்பது ஒரு பதில்தான். நம் தொழிலில் அதற்குக் கொஞ்சம் முதுகெலும்பு வேண்டும், அவ்வளவுதான்.

பாஸ்கரைச் சம்மதிக்க வைத்ததுதான் கஷ்டம். அதுவரை அவர் தன் பக்கத்தை மட்டும் பார்த்தார், நான் என் பக்கத்தை மட்டும் பார்த்தேன். அறுகிற அந்த நிமிஷத்தில் இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் யாரும் பார்த்ததே இல்லை. அதற்கு அவரும் உட்கார வேண்டும்.

"எதுக்கு மேடம் நான் உக்காரணும்? நான்தான் கிளீன்னு குடுத்துட்டனே."

"அந்தப் பொண்ணு பொய் சொல்லலைன்னா, நம்ம ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர் லெட்டர் தப்பு. யாரோடதுன்னு பார்க்க ஆசை இல்லையா உங்களுக்கு?"

"உங்களோடதாத்தான் இருக்கும்" என்றார். ஆனால் வந்தார்.

அடுத்த மருந்து மெஷினுக்குள் ஏறியதும் நாங்களும் உட்கார்ந்தோம். நான் கன்ட்ரோல் ரூமில், பாஸ்கர் கீழ்த்தளத்தில் நெட்வொர்க் அலமாரிகள் இருக்கும் அறையில். இரண்டு இடத்துக் கடிகாரங்களையும் ஒன்றாக்கி, போகிற வருகிற தகவலையெல்லாம் பிடித்துவைக்க ஏற்பாடு செய்துவிட்டு, போன் லைனைத் திறந்தே வைத்தோம்.

ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்கடுத்த நாட்களிலும் இல்லை. எண்கள் பச்சையாகவே ஓடின. மருந்து நல்லபடியாக இறங்கி, அடுத்தது ஏறியது. நாங்கள் காத்திருந்தோம். ஸ்பீக்கரில் பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. வருஷக்கணக்கில் சண்டை மட்டுமே போட்ட மனிதர் எப்படிப்பட்டவர் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மகள் கன்னடத்தில் கட்டுரை எழுதிப் பள்ளியில் பரிசு வாங்கியதை, அதை வாசிக்கத் தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து அர்த்தம் கேட்டதைச் சொன்னார். என் மகன் கனடாவில் வேலைக்குப் போய், சண்டே மட்டும் போன் செய்வதை நான் சொன்னேன். மத்தியானம் என் மீன் கட்லெட்டும் அவர் வீட்டுக் கொள்ளுச் சட்னியும் இடம் மாறும். மஞ்சுநாத் நடுவில் வந்து பங்கு கேட்பார். மீன் சாப்பிடாதவர், அதனால் சட்னி முழுக்க அவருக்கு.

"மேடம், உங்க பொண்ணுக்கு உண்மையாவே கிரே ஆச்சா?" என்று ஒருநாள் பாஸ்கர் கேட்டார். பரிமளாவை "உங்க பொண்ணு" என்றுதான் சொல்வார்.

"தெரியலை பாஸ்கர்."

"அப்புறம் எந்த நம்பிக்கையில உக்காந்திருக்கோம்?"

"பொய் சொல்றவங்க இவ்ளோ மொட்டையா சொல்ல மாட்டாங்க. ஜோடிச்சுச் சொல்லுவாங்க."

அவர் சிரித்தார்.

அப்புறம் வந்தது. முற்பகல், டீ வந்து கொஞ்ச நேரம். மெஷினுக்குள் மருந்து நடுக்கட்டத்தில் இருந்தது. எந்தச் சத்தமும் இல்லாமல், என் கண்முன்னே எல்லாத் திரைகளும் சாம்பல் ஆயின. அன்றைய ஆபரேட்டர் பையன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். மஞ்சுநாத் ஓடிவந்தார். அவர் பின்னாலேயே அவருடைய போனும் அடித்தது. தொழிற்சாலைத் தலைவர். மஞ்சுநாத் நின்றபடியே கேட்டுவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்: "உடனே ரீஸ்டார்ட் பண்ணச் சொல்றாரு மேடம். போன தடவை மாதிரி ஆயிட்டா என்னைச் சும்மா விடமாட்டாரு."

ரீஸ்டார்ட் செய்தால் திரைகள் வந்துவிடும். எங்களுக்கும் நிம்மதி. ஆனால் இத்தனை நாள் காத்திருந்த அந்த நிமிஷம் அழிந்துவிடும். பரிமளாவின் கதை பழையபடி வாய்வார்த்தைதான். செய்யாமல் விட்டால்? உள்ளே இருப்பது யாரோ நோயாளிகளுக்குப் போகவேண்டிய மருந்து. ஒரு பெண்ணின் வேலைக்காக அதைப் பணயம் வைக்க எனக்கு உரிமை இல்லை.

ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அறுந்தது திரை, மெஷின் இல்லை. மெஷினுக்குச் சொந்த மூளை உண்டு. அதன் பின்பக்கம் ஒரு சின்ன பேனல் இருக்கிறது. எல்லா எண்களும் அதில் தெரியும், ஆனால் கிரே ஆனால் அங்கே ஓடிப்போய்ப் பார்க்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. கம்ப்ரஸர் நின்றால் கையாலேயே மாற்றுக் கம்ப்ரஸரை ஓட்டலாம். அங்கே மெஷின் தெரிந்த ஓர் ஆள் நின்றால் போதும்.

"மஞ்சுநாத், மெஷின் பேனல்ல யாரை நிக்க வைக்கலாம்? இப்பவே."

அவர் ஆபரேட்டர் பையனைப் பார்த்தார். அவன் வேலைக்கு வந்து சில வாரம்தான். அப்புறம் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான் யோசித்தார். மேஜை போனை எடுத்து ஸ்டோர்ஸைக் கூப்பிட்டார்.

"பரிமளா, நான் மஞ்சுநாத். மெஷின் பின்னாடி பேனலுக்கு ஓடி வாம்மா."

அவள் வந்து நின்று, போனில் எண்களைச் சொல்லத் தொடங்கினாள். குளிர் இவ்வளவு, அழுத்தம் இவ்வளவு, கம்ப்ரஸர் ஓடுது. குரலில் பதற்றமே இல்லை. நான் மஞ்சுநாத்திடம் சொன்னேன்: "மருந்து பத்திரமா இருக்கு. அவ சொல்ற எண்ல ஒண்ணு தப்பினாலும் நானே ரீஸ்டார்ட் பண்றேன். அதுவரைக்கும் யாரும் சர்வரைத் தொடக்கூடாது. உங்க தலைவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். போனில் கத்தல் எனக்கே கேட்டது. இந்த முறை மஞ்சுநாத் உட்கார்ந்துகொண்டார். "சார், ஒந்து நிமிஷ. மருந்துக்கு நான் பொறுப்பு" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அவர் அப்படிப் பேசி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

நான் சர்வரைப் பார்த்தேன். எல்லாத் திரைகளும் இணைப்பில் இருப்பதாக அது நிம்மதியாகக் காட்டிக்கொண்டிருந்தது. என் கண் எதிரே எல்லாம் சாம்பல். சர்வருக்கு எல்லாம் பச்சை. பரிமளா சொன்னது ஒரு வார்த்தை பிசகாமல் உண்மை.

அப்போது ஸ்பீக்கரில் பாஸ்கர் அலறினார். "அக்கா! அக்கா, இங்க பாருங்க! உங்க சர்வருக்கு வர்றதெல்லாம் பேக்கிங் ஹாலுக்குப் போகுது!"

அதுவரை நான் மேடம்தான். அந்த நிமிஷத்திலிருந்து அக்கா.

சில மாதங்களுக்கு முன் பேக்கிங் ஹாலில் புதிதாக ஒரு லேபிள் பிரின்டர் வைத்திருந்தார்கள். நெட்வொர்க்கில் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி இருக்க வேண்டும், வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. பிரின்டரை வைத்த ஆள் எங்கிருந்தோ ஓர் எண்ணைப் பார்த்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அது எங்கள் சர்வரின் எண். பிரின்டர் வேலை இல்லாதபோது தூங்கும். லேபிள் அடிக்க எழுப்பினால், "இந்த எண் என்னுடையது" என்று எல்லாருக்கும் அறிவிக்கும். திரைகள் அதை நம்பி, சர்வரிடம் பேசவேண்டியதை அதனிடம் பேசும். அதற்கு ஒன்றும் புரியாது, வெட்டிவிடும். வெட்டிய செய்திகூட சர்வருக்குப் போகாது. அதனால்தான் சர்வர் ஏமாந்தது. பிரின்டர் அதிகமாகத் தூங்குகிற வாரங்களில் பிரச்சினை இல்லை. நாங்கள் காத்திருந்த நாட்களில் பேக்கிங்கில் வேலை இல்லை. அவ்வளவுதான்.

பிரின்டரைக் கழற்றச் சொன்னோம். ஆனால் கழற்றிய பிறகும் திரைகள் உடனே வரவில்லை. அங்கேதான் எங்கள் பக்கம் வெளியே வந்தது. எங்கள் மென்பொருள், பழைய இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று நினைத்து, அந்த இடத்தைப் பிடித்துவைத்திருந்தது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அப்படி. துண்டுக்குச் சொந்தக்காரனே வந்து நின்றாலும், "இங்க ஆள் இருக்கு" என்று உட்காரவிடவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் விட்டது. ரீஸ்டார்ட் ஏன் மருந்தாக வேலை செய்தது என்று அப்போதுதான் புரிந்தது. எல்லாத் துண்டையும் உதறிப் போட்டதால். நெட்வொர்க்கில் வந்த சின்ன இடறலை எங்கள் மென்பொருள் பெரிய வீழ்ச்சியாக ஆக்கியிருந்தது. பரிமளாவின் அலாரம் அந்த இடைவெளியில்தான் சிக்கிக் கிடந்திருக்கிறது.

திரைகள் பச்சையாகும்வரை பரிமளா பேனலை விட்டு நகரவில்லை. மருந்து கெடவில்லை.

அன்று மாலையே கூட்டம். தொழிற்சாலைத் தலைவர் நேரில் வந்திருந்தார். நீண்ட விளக்கம் எதையும் அவர் கேட்க விரும்பவில்லை. "யாருடைய தப்பு? அதை மட்டும் சொல்லுங்க" என்றார் ஆங்கிலத்தில்.

கூட்டத்துக்குள் நுழைவதற்கு முன் என் மேலாளர் போனில் சொல்லியிருந்தார்: "நெட்வொர்க் தப்புன்னு தெரிஞ்சுடுச்சே, அத்தோட நிறுத்திக்க. துண்டுக் கதையெல்லாம் வேணாம்." பாஸ்கருக்கு அதைவிடச் சுலபமான வழி இருந்தது. முகவரியை மாற்றிவிட்டு, பிரின்டரை வைத்தவர்கள் தலையில் போட்டுவிடலாம். கேட்க ஆள் இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் பாஸ்கர் எழுந்தார். "எங்க தப்பு சார். நெட்வொர்க்ல புதுசா எது வந்தாலும் நாங்க பார்க்கணும். பார்க்கல. கிளீன்னு லெட்டரும் குடுத்தேன். அதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

அதற்கப்புறம் நான் உட்கார்ந்திருக்க முடியுமா? துண்டுக் கதையை முழுதாகச் சொன்னேன். பாதி அவர்கள் பக்கம், பாதி எங்கள் பக்கம், ஆபரேட்டர் பக்கம் எதுவும் இல்லை என்று சொன்னேன்.

வெளியே வந்ததும் பாஸ்கரிடம் கேட்டேன், ஏன் அவ்வளவு அவசரமாக எழுந்தீர்கள் என்று.

"நீங்க முதல்ல சொல்லி, அப்புறம் நான் சொன்னா, மாட்டிக்கிட்டு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் அக்கா. முதல்ல சொன்னாத்தான் சொன்ன மாதிரி."

அவருடைய கம்பெனி அவரை அங்கிருந்து எடுத்து நகரத்தின் மறுகோடியில் பீன்யாவில் போட்டது. வீட்டிலிருந்து போய்வர ஆளே பாதியாகிவிட்டார். என் மேலாளர் கொஞ்ச காலம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் துண்டைச் சரிசெய்த புது வெர்ஷன் வந்தது, இன்று நீங்கள் எல்லா இடத்திலும் போடுவது அதன் பேரப்பிள்ளைதான். பாஸ்கர் இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோடு காக்ஸ் டவுன் வருவார். வந்ததும் என் வீட்டு வைஃபையில் குறை கண்டுபிடிப்பார்.

பரிமளாவைத் திரும்பக் கன்ட்ரோல் ரூமுக்கு வரச்சொன்னார்கள். அவள் உடனே வரவில்லை. "எல்லார் முன்னாடியும் பொய்க்காரின்னு சொன்னீங்க. எல்லார் முன்னாடியும் இல்லைன்னு சொல்லுங்க, வர்றேன்" என்றாள். தலைவருக்கு அது பிடிக்கவில்லை. மஞ்சுநாத் தலைவரைக் கேட்கவில்லை. ஷிஃப்ட் மாறும் நேரம், இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் நிற்கும்போது, அவள் எதிரே போய் நின்று, "தப்பாய்த்து பரிமளா" என்றார். கன்னடத்தில் சொன்னது எல்லாருக்கும் புரிந்ததா என்று சந்தேகம் வந்ததோ என்னவோ, தமிழிலும் சொன்னார்: "நீ சொன்னது உண்மை. நாங்கதான் தப்பு பண்ணிட்டோம்மா." அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அப்புறம் பையை வைத்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

புதிய தளத்துக்குப் போனால் பதிவைப் பாருங்கள், நெட்வொர்க்கைப் பாருங்கள், எல்லாம் பாருங்கள். ஆனால் பார்த்த மனுஷரிடம் போய்க் கேட்டுவிட்டு, அவர் பார்த்தது உண்மை என்றால் வேறு எது பொய்யாக இருக்கும் என்று ஒருமுறை யோசியுங்கள். மருந்தோ தண்ணீரோ மின்சாரமோ, உள்ளே ஓடுவதைப் பார்த்துக்கொள்ள முதலில் ஒரு கண்ணும் ஒரு கையும் ஏற்பாடு செய்துவிட்டு, அப்புறம் உங்கள் ஆதாரத்தைத் தேடுங்கள். எதிரே நிற்கும் பாஸ்கரோடு சண்டை போடுங்கள், ஆனால் மத்தியானம் சேர்ந்து சாப்பிடுங்கள்.

ஒரு வருஷம் கழித்து வருடாந்திரப் பராமரிப்புக்காக அதே தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். மஞ்சுநாத் எனக்குப் பக்கத்தில் நின்று ஏதோ ஓர் அறிக்கையைக் காட்டிக்கொண்டிருந்தார். பரிமளா திரைக்கு முன்னால். வெளியே எங்கோ வேலை செய்தவர்கள் கேபிளை வெட்டிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

"சார், கிரே" என்றாள் பரிமளா.

மஞ்சுநாத் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையிலிருந்ததை என்னிடம் திணித்துவிட்டு, மெஷினை நோக்கி ஓடினார்.